‘தொடரும்’ என்று போடக் கற்றவர்கள்

எங்கள் வீட்டில் இரவு எட்டரை மணி என்றால் யாரும் பேசக்கூடாது. அம்மாவின் சீரியல் நேரம். அந்த அரை மணி நேரத்தில் எனக்கு ஃபோன் வந்தால் மாடிக்குப் போய்த்தான் பேச வேண்டும். நான் சிற்றிதழ் வாசித்து வளர்ந்தவன். தொடர்கதை என்றாலே முகம் சுளிக்கப் பழகியிருந்தேன்; டிவி சீரியலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். “இதையெல்லாம் எப்படிம்மா உக்காந்து பாக்குறே?” என்று ஒருநாள் கேட்டபோது அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “நீ அந்தத் தலகாணி சைஸ் புஸ்தகத்த எப்படிப் படிக்கிறயோ அப்படித்தான்யா” என்றாள்.

என் கையில் அப்போது இருந்தது டிக்கன்ஸின் ‘பிளீக் ஹவுஸ்’. 1852 மார்ச்சிலிருந்து 1853 செப்டம்பர் வரை, மாதம் ஒரு பகுதியாக வந்த தொடர்கதை. அம்மாவுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. எனக்குத் தெரியும். தெரிந்தும் அவள் சொன்னதில் இருந்த நியாயம் உறைக்கப் பல வருடம் ஆனது.

டிக்கன்ஸ், தாக்கரே, ஜார்ஜ் எலியட், ஹார்டி என்று நாம் இன்று செவ்வியல் வரிசையில் வைக்கிற விக்டோரியா காலத்து எழுத்தாளர்களின் புத்தகங்களில் பெரும்பகுதி முதலில் முழுப் புத்தகமாக வெளிவரவே இல்லை. மாதப் பகுதிகளாகவோ பத்திரிகைத் தொடராகவோதான் வந்தன. காரணம் கலை அல்ல, விலை. அன்று ஒரு புதிய நாவல் மூன்று பாகங்களாகத்தான் வரும். மூன்றும் சேர்ந்து 31 ஷில்லிங் 6 பென்ஸ். ஒரு பண்ணைக் கூலிக்கு மூன்று வாரச் சம்பளத்தையும் தாண்டும். நடுத்தர வர்க்கமே வாங்காது. ‘மூடி’ என்பவர் நடத்திய வாடகை நூலகத்தில் வருடத்துக்கு ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங், கட்டிவிட்டு ஒவ்வொரு பாகமாக எடுத்துப் படிப்பார்கள். ஒரு நாவல் மூன்று பாகமாக இருந்தால் ஒரே சமயத்தில் மூன்று வீடுகளுக்கு அனுப்பலாம் என்பது நூலகத்தின் கணக்கு. அதற்காகவே எழுத்தாளர்கள் இரண்டு பாகத்தில் முடிகிற கதையை மூன்றாக இழுத்தார்கள். 1894இல் பெரிய வாடகை நூலகங்கள் இனி இந்த விலைக்கு வாங்க மாட்டோம் என்று சொன்னதும், சில வருடங்களிலேயே மூன்று பாக நாவல் என்ற வடிவமே செத்துப்போனது. ஒரு இலக்கிய வடிவம் இவ்வளவு சுத்தமாக வியாபாரத்தால் பிறந்து வியாபாரத்தால் இறந்ததற்கு வேறு உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இந்தச் சுவரில் ஓட்டை போட்டது ‘பிக்விக் பேப்பர்ஸ்’. அதுவும் திட்டமிட்டு நடந்ததல்ல. 1836இல் ராபர்ட் சீமோர் என்ற பிரபலமான ஓவியர் வேட்டைக்கும் மீன்பிடிக்கும் போகும் நகரத்து ஆட்களைக் கிண்டல் செய்து படங்கள் வரைய விரும்பினார். சாப்மன் அண்ட் ஹால் பதிப்பகம் படங்களுக்கு இடையே நிரப்ப எழுத்து தேடியது. அகப்பட்டவர் 24 வயதுப் பத்திரிகை நிருபர் சார்லஸ் டிக்கன்ஸ். படத்துக்கு எழுத்து, எழுத்துக்குப் படமல்ல, ஒப்பந்தம் அப்படி. டிக்கன்ஸ் அதைத் தலைகீழாக்கினார். முதல் பகுதி வந்த சில வாரங்களிலேயே சீமோர் தற்கொலை செய்துகொண்டார். மிச்சமிருந்தது ஒரு இளம் எழுத்தாளனும், சரியாக விற்காத ஒரு மாத வெளியீடும். படங்களைக் குறைத்து எழுத்தைக் கூட்டினார்கள். மாதம் 32 பக்கம், இரண்டு படம், பச்சை அட்டை, ஒரு ஷில்லிங்.

முதல் பகுதி அச்சானது 1000 பிரதிகள். நான்காவது பகுதியில் சாம் வெல்லர் என்ற வேலைக்காரன் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டபடி கதைக்குள் வந்தான். லண்டன் தெருப் பேச்சைத் தயக்கமில்லாமல் பேசும் ஆள். வாசகர்களுக்கு அவனைப் பிடித்துப்போனது. முழுப் புத்தகமாக வந்திருந்தால் இந்த விஷயம் விமர்சகர்களின் ஒரு வரியோடு முடிந்திருக்கும். தொடர்கதை என்பதால் அடுத்த மாதமே பதிப்பாளருக்கும் எழுத்தாளருக்கும் தெரிந்தது. டிக்கன்ஸ் அவனுக்கு இடத்தைப் பெருக்கினார். 1837 நவம்பரில் தொடர் முடிந்தபோது 40,000 பிரதிகள் விற்றுக்கொண்டிருந்தன. பிக்விக் தொப்பி, பிக்விக் சுருட்டு, நாடகக் கொட்டகைகளில் பிக்விக் என்று ஊரே அதைப் பற்றிப் பேசியது.

நடுவில் ஒரு மாதம் மட்டும் பிக்விக் வரவில்லை. 1837 மே 7ஆம் தேதி டிக்கன்ஸின் மனைவியின் தங்கை மேரி ஹோகார்த் அவர் வீட்டிலேயே திடீரென்று இறந்துபோனாள். வயது 17. டிக்கன்ஸால் எழுத முடியவில்லை. ஜூன் மாதத்துப் பச்சை அட்டைக்குக் காத்திருந்தவர்களுக்கு ஒன்றுமில்லை. அடுத்த பகுதியில் தன் துக்கத்தைச் சொல்லி விளக்கம் கொடுத்தார். ஒரு எழுத்தாளன் வீட்டுச் சாவு ஆயிரக்கணக்கான வீடுகளில் ஒரு வெற்றிடமாக உணரப்பட்டது அதற்கு முன் எப்போதாவது நடந்திருக்குமா என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். தொடர்கதைதான் அந்த உறவை உண்டாக்கியது. முழுப் புத்தகத்தின் ஆசிரியர் எழுதி முடித்துவிட்டுப் போய்விட்டவர். தொடர்கதை ஆசிரியரோ இந்த மாதமும் எங்கோ உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறவர். அவருக்குக் கடிதம் போடலாம், சண்டை போடலாம்.

அப்படிச் சண்டை போட்ட ஒரு பெண்மணியின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. ‘டேவிட் காப்பர்ஃபீல்ட்’ தொடரின் 1849 டிசம்பர் பகுதியில் மிஸ் மௌச்சர் என்று ஒரு பாத்திரம் வருகிறது. மிகக் குள்ளமான பெண், பணக்கார இளைஞர்களுக்கு ஒப்பனை செய்பவள், சூழ்ச்சிக்குத் துணை போகிறவள் என்ற தோரணை. லண்டனில் டிக்கன்ஸின் வீட்டருகே வசித்த, கால் நக வைத்தியம் செய்து பிழைத்த ஜேன் சீமோர் ஹில் என்ற குள்ளமான பெண் அதைப் படித்தார். அது தானே என்று கண்டுகொண்டார். என் உடற்குறையை ஊர் சிரிக்கக் காட்டிவிட்டீர்கள் என்று டிக்கன்ஸுக்கு எழுதினார். வக்கீலும் எழுதினார். ஓரளவு அவரை மனதில் வைத்துத்தான் வரைந்தேன் என்று டிக்கன்ஸ் ஒப்புக்கொண்டார். கதைப் போக்கை மாற்றுவதாக வாக்குக் கொடுத்து, மாற்றவும் செய்தார். மூன்று மாதம் கழித்து வந்த பகுதியில் அதே மிஸ் மௌச்சர் நல்லவளாக, தன்னைப் பார்த்துச் சிரிக்கும் உலகத்தை நேருக்கு நேர் கேள்வி கேட்பவளாக வருகிறாள். இன்று நாவலை ஒரே மூச்சில் படிக்கிறவருக்கு அந்த இடத்தில் ஏதோ தையல் பிரிந்த மாதிரி இருக்கும். கலை ரீதியாக அது குறைதான். ஆனால் அந்தத் தையல் பிரிந்த இடத்தில் ஒரு உண்மையான மனுஷி நிற்கிறாள். நான் அந்தக் குறையை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கதையைச் சரியான இடத்தில் அறுப்பது என்ற வித்தை இந்தக் காலத்தில்தான் தொழிலாக வளர்ந்தது. மாதப் பகுதியை விட வாரப் பகுதியில் அது இன்னும் அவசியம். 1859இல் டிக்கன்ஸ் ‘ஆல் தி இயர் ரவுண்ட்’ என்ற இரண்டு பென்ஸ் வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். அதில் வில்கி காலின்ஸின் ‘தி உமன் இன் வொய்ட்’ வந்தபோது அந்தப் பெயரில் வாசனைத் திரவியமும் மேலங்கியும் விற்றார்கள். அடுத்த வருடம் சார்லஸ் லீவர் எழுதிய தொடர் எடுபடவில்லை. பத்திரிகை விற்பனை சரிந்தது. முதலாளியும் ஆசிரியருமான டிக்கன்ஸ், மாதத் தொடராக எழுத நினைத்திருந்த கதையை வாரத் தொடராக மாற்றி 1860 டிசம்பரில் அவசரமாக உள்ளே இறக்கினார். அதுதான் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’. இன்று பல்கலைக்கழகங்களில் கட்டமைப்புக்காகப் பாராட்டப்படும் அந்த நாவல், சர்க்குலேஷனைத் தூக்கி நிறுத்த வந்த நாவல். அதன் முடிவையும் நண்பர் புல்வர் லிட்டன் சொல்லி மாற்றினார். முதலில் எழுதிய முடிவில் பிப்பும் எஸ்டெல்லாவும் சேர்வதில்லை. எனக்கு அந்தப் பழைய முடிவுதான் பிடிக்கும். அம்மாவிடம் கேட்டிருந்தால் புதியதுதான் என்றிருப்பாள்.

தாமஸ் ஹார்டியின் ‘எ பேர் ஆஃப் புளூ ஐஸ்’ தொடரில் நாயகர்களில் ஒருவன் கடலோரப் பாறைச் சரிவில் வழுக்கித் தொங்கிக்கொண்டிருக்கும்போது அந்த மாதப் பகுதி முடிந்துவிடும். ‘கிளிஃப்ஹேங்கர்’ என்ற சொல் இதிலிருந்துதான் வந்தது என்று அடிக்கடி எழுதுகிறார்கள். அழகான கதை, ஆனால் சொல் புழக்கத்துக்கு வந்தது 1930களில், அமெரிக்கத் தொடர் திரைப்படங்களின் காலத்தில். ஹார்டி பாறையைத்தான் கொடுத்தார், பெயரை அல்ல.

விளம்பரத்தையும் சொல்லியாக வேண்டும். டிக்கன்ஸின் மாதப் பகுதிகளில் கதைக்கு முன்னும் பின்னும் பக்கம் பக்கமாக விளம்பரம் தைத்திருக்கும். மருந்து, மழைக்கோட்டு, சவுரி முடி. மோசஸ் அண்ட் சன் என்ற தையல் நிறுவனம் ‘பிளீக் ஹவுஸ்’ தலைப்பையே வைத்துச் சிலேடை பண்ணித் தன் துணிகளை விற்றது. நம் வீடுகளில் வாரப் பத்திரிகையிலிருந்து தொடர்கதையைக் கிழித்து பைண்டு பண்ணி வைத்திருந்தவர்களுக்கு இது புதிதல்ல. கதைப் பக்கத்தின் முதுகில் தலைவலித் தைலமும் பற்பொடியும் சேர்ந்தே பைண்டாகியிருக்கும்.

தொடர்கதைக்கு அன்றும் மரியாதை இல்லை. அதிலும் கீழ்ப்படியில் இருந்தவர் ஜி.டபிள்யூ.எம். ரெய்னால்ட்ஸ். 1844இல் தொடங்கிய அவருடைய ‘மிஸ்டரீஸ் ஆஃப் லண்டன்’ வாரம் ஒரு பென்னி. ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்னி என்று கணக்குப் போட்டால் டிக்கன்ஸுக்குக் கீழே இன்னொரு பெரிய வாசகர் உலகம் இருந்தது புரியும். பிரெஞ்சுக்காரரான யூஜீன் சூ எழுதிய பாரீஸ் மர்மங்களைப் பார்த்து எழுதியது அது. அதற்கு முன்பே பிக்விக்கை ஃபிரான்ஸுக்கு அனுப்பி ஒரு போலித் தொடர்ச்சியும் எழுதியிருந்தார். கொலை, சூது, பிரபுக்களின் கள்ள உறவு எல்லாம் உண்டு. நடுநடுவே ஏழைகள் ஏன் ஏழைகள் என்று ஆவேசமான பிரசங்கமும் உண்டு. எல்லா ஆண்களுக்கும் ஓட்டுரிமை கேட்ட சார்ட்டிஸ்ட் இயக்கத்தில் மேடையேறியவர். டிக்கன்ஸுக்கு அவரைப் பார்த்தால் ஆகாது.

இங்கிலாந்து மறந்துபோன அந்த ரெய்னால்ட்ஸ்தான் இந்தியாவில் அமோகமாக வாசிக்கப்பட்டார் என்பது வரலாற்றின் குறும்பு. ஆரணி குப்புசாமி முதலியார் அவர் நாவல்களைத் தமிழ்ப் பெயர்களும் தமிழ் ஊர்களும் போட்டுத் தழுவி எழுதினார். தனித்தமிழ் கண்ட மறைமலையடிகளின் ‘குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி’ கூட ரெய்னால்ட்ஸின் ‘லெய்லா’ நாவலின் தழுவல்தான். தொடர்கதை என்ற வடிவமோ அதற்கு முன்பே, விக்டோரியா ராணி உயிரோடு இருக்கும்போதே இங்கே வந்துவிட்டது. நாம் முதல் தமிழ் நாவல்களில் ஒன்றாகக் கொண்டாடும் ராஜமய்யரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1893 முதல் 1895 வரை ‘விவேக சிந்தாமணி’ பத்திரிகையில் மாதாமாதம் வந்த தொடர். ஆக, தொடர்கதை இலக்கியத்தைக் கெடுத்தது என்று நாங்கள் டீக்கடையில் ஆவேசப்பட்டபோதெல்லாம், தமிழ் நாவல் பிறந்ததே அங்கேதான் என்பதை வசதியாக மறந்திருந்தோம்.

சினிமாவுக்குப் போன வழி இன்னும் நேரடியானது. டி.டபிள்யூ. கிரிஃபித் 1908இல் ‘ஆஃப்டர் மெனி இயர்ஸ்’ படத்தில் காத்திருக்கும் மனைவியைக் காட்டிவிட்டு உடனே தீவில் தனித்துக் கிடக்கும் கணவனைக் காட்டினார். இப்படித் தாவினால் ஜனங்களுக்கு எப்படிப் புரியும் என்று ஸ்டூடியோவில் கேட்டார்கள். டிக்கன்ஸ் இப்படித்தானே எழுதுகிறார் என்று அவர் பதில் சொன்னதாக அவர் மனைவி எழுதியிருக்கிறார். ஐசன்ஸ்டைன் 1944இல் இதை வைத்தே ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். பல இழைகளை ஒரே சமயத்தில் ஓட்டி, ஒன்றை உச்சத்தில் விட்டு இன்னொன்றுக்குத் தாவுவது மாதப் பகுதிக்காரர்களின் அன்றாட வேலை. அது திரைக்குப் போய், பிறகு 1930களில் அமெரிக்க வானொலிக்குப் போய், சோப்பு கம்பெனிகள் காசு கொடுத்ததால் ‘சோப் ஆப்பரா’ என்று பெயர் வாங்கி, தொலைக்காட்சி வழியாக எங்கள் வீட்டு எட்டரை மணிக்கு வந்து சேர்ந்தது.

அதற்காக எல்லாமே ஒன்றுதான் என்று சொல்ல வரவில்லை. ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. டிக்கன்ஸுக்கு 20 பகுதி என்றால் 20 பகுதிதான். கடைசி இரண்டும் சேர்ந்து வரும், ஆக 19 மாதம். ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு தாளை நடுவே மடித்து, இடப்பக்கம் யாரைக் கொண்டுவருவது, யாரைத் தள்ளிவைப்பது, இந்த மாதம் சாகடிப்பதா என்று தனக்குத்தானே கேள்வி கேட்டுப் பதிலும் எழுதுவார், வலப்பக்கம் அத்தியாயங்கள். அந்தத் தாள்கள் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. முடிவு எங்கே என்று தெரிந்துகொண்டு இழுத்த இழுப்பு அது. அம்மாவின் சீரியலுக்கு முடிவு கிடையாது. ரேட்டிங் இருக்கும்வரை ஓடும். விழுந்தால் அவசர அவசரமாக எல்லாருக்கும் கல்யாணம் பண்ணி முடிப்பார்கள். இன்னொரு பக்கம், 2013இல் நெட்ஃபிளிக்ஸ் ‘ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்’ தொடரின் 13 பகுதிகளையும் ஒரே நாளில் வெளியிட்டது. முடிவு உண்டு, காத்திருத்தல் இல்லை. 1836இல் சேர்ந்து வந்த இரண்டும் இப்போது ஆளுக்கொரு பக்கம் போய்விட்டன.

டிக்கன்ஸின் நண்பர் ஜான் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் ஒரு சின்னச் சம்பவம் வருகிறது. டிக்கன்ஸின் மாமியார் வீட்டில் வேலை செய்த ஒரு மூதாட்டி. எழுதப் படிக்கத் தெரியாது. அவள் குடியிருந்தது ஒரு மூக்குப்பொடிக் கடையின் மாடியில். ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை கடைக்காரர் குடித்தனக்காரர்களைக் கூட்டி ‘டாம்பி அண்ட் சன்’ புதிய பகுதியை உரக்கப் படிப்பார். காசு போட்டவர்களுக்கு டீ உண்டு. கதை எல்லாருக்கும் இலவசம். அதை எழுதியவர் இந்த வீட்டு மாப்பிள்ளைதான் என்று தெரிந்ததும் அவளால் நம்ப முடியவில்லை. மூன்று நான்கு பேர் சேர்ந்து எழுதியிருப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தாளாம்.

மூன்று வருடத்துக்கு முன் அம்மாவை மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது இந்தச் சம்பவத்தைச் சொன்னேன். வார்டில் டிவி இல்லை. எட்டரை மணிக்கு அம்மா கதவைப் பார்ப்பாள். கொஞ்ச நேரம் போகட்டும் என்றுதான் சொன்னேன். அம்மா சிரித்தாள். “சாத்தூர்ல நாங்களும் அப்படித்தான்யா” என்றாள். அவளுக்குப் பன்னிரண்டு பதிமூன்று வயது. தெருப் பெண்கள் எல்லாரும் ஒரு திண்ணையில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டுவார்கள். ஆச்சி உட்பட யாருக்கும் படிக்கத் தெரியாது. ஐந்தாம் வகுப்பு வரை போன அம்மாதான் வாத்தியார் வீட்டிலிருந்து வாரப் பத்திரிகையை இரவல் வாங்கி வந்து தொடர்கதையைப் படித்துக்காட்டுவாள். அவள் ஒட்ட வேண்டிய பெட்டிகளை மற்றவர்கள் பங்கு போட்டு ஒட்டிவிடுவார்கள். “நான் படிக்கப் படிக்க அவளுகளுக்குக் கை நின்னுரும். ஆச்சி வையும். அப்புறம் ஆச்சி கையே நின்னுரும்.” நாற்பது வருடமாக நான் இதைக் கேட்டதில்லை. நான் கேட்டிருக்கவும் மாட்டேன்.

அன்றைக்கு ராத்திரி வராந்தாவில் நின்று ஃபோனில் அந்த சீரியலைப் பார்த்தேன். உள்ளே போய்ச் சொன்னேன். பதினோரு நாள் அப்படி. அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். “நீ சொல்றது நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்கு. அவ என்ன சொன்னா, அப்படியே சொல்லு” என்பாள். பெரியம்மா பாத்திரத்துக்குக் குரலைத் தடிமனாக்கிப் பேசிக்காட்டினேன். பக்கத்துக் கட்டில் பாட்டியும் திரும்பிப் படுத்துக் கேட்க ஆரம்பித்தார். “ஏய்யா, அந்தப் புள்ள போட்டோவ யாரு எடுத்தானு நேத்து சொல்லலையே” என்று அவர்தான் மறுநாள் மறக்காமல் கேட்டார்.

டிக்கன்ஸ் 1870 ஜூன் 9ஆம் தேதி இறந்தார். ‘தி மிஸ்டரி ஆஃப் எட்வின் ட்ரூட்’ 12 பகுதி வருவதாக ஏற்பாடு. எழுதி முடித்திருந்தது ஆறு. எட்வினைக் கொன்றது யார், அவன் செத்தானா என்பதே தெரியாமல் கதை நிற்கிறது. 150 வருடமாக ஆளாளுக்கு முடித்துப் பார்க்கிறார்கள். நம் கல்கியும் ‘அமரதாரா’வை முடிக்காமல் போனவர், குறிப்புகளை வைத்து மகள் ஆனந்தி முடித்தார்.

அம்மாவின் சீரியலில் அந்தப் பெண்ணின் கல்யாணம் நிற்குமா நடக்குமா என்ற இடத்தில் ஒரு வெள்ளிக்கிழமை ‘தொடரும்’ போட்டார்கள். சனி, ஞாயிறு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் அம்மா போய்விட்டாள். காரியமெல்லாம் முடிந்து பதினேழாம் நாள், யாரும் இல்லாதபோது, விட்ட இடத்திலிருந்து பார்த்தேன். கல்யாணம் நின்றுபோயிருந்தது. மாப்பிள்ளையின் அண்ணன்தான் போட்டோவை எடுத்தவன். அம்மா முதல் நாளே அவன்மேல்தான் சந்தேகம் சொல்லியிருந்தாள்.